சீரியல் குடும்பம் முடிவெடுக்கிறது, நம் குடும்பம் எடுக்கிறதா?

மார்ச் 3, ஒரு வாசகரின் கேள்வி

சீரியல் குடும்பங்கள் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு போன் போட்டுக் கேட்டால் தீர்கிற விஷயத்தை நூறு எபிசோடுக்கு இழுக்கிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பாதியைக் கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகிறார்கள். சாதாரணக் குடும்பம் எதுவும் இப்படி நடந்துகொள்ளாது. மறுப்பவர் யாராவது உண்டா?

மார்ச் 3, இரவு

நான் மறுக்கிறேன். பாதி மட்டும்.

கையெழுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒரு தாளில் கிழவர் கையெழுத்துப் போட்டதும் அன்று இரவே குடும்பம் தெருவில் நிற்கிறது. உயிலுக்கே பல நாடுகளில் இரண்டு சாட்சி வேண்டும். சொத்தை மாற்றுவதென்றால் பதிவு, வரிசை, கட்டணம், "நாளைக்கு வாங்க" எல்லாம் உண்டு. வில்லிக்கு அவ்வளவு பொறுமை இருந்தால் அவள் வில்லியாகவே ஆகியிருக்க மாட்டாள்.

ஆனால் அந்த போன்? நாம் மட்டும் போட்டுக் கேட்கிறோமா என்ன? என் அப்பாவும் பெரியப்பாவும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டிலும் போன் இருந்தது. சீரியலில் அண்ணன் தம்பியைப் பிரிக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது, சூழ்ச்சி தேவைப்படுகிறது. எங்கள் வீட்டில் "அவனே கூப்பிடட்டும்" என்ற ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

என் கணக்கில் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சீரியல் குடும்பம் தப்போ சரியோ, உட்கார்ந்து ஒரு முடிவு எடுக்கிறது. நம் வீடுகளில் அது நடப்பதையே நான் அதிகம் பார்த்ததில்லை.

மார்ச் 4

"முடிவே எடுக்காத குடும்பம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டவருக்கு: எங்கள் வீட்டில்.

அப்பா போன பிறகு அம்மா யாரோடு இருப்பது என்ற கேள்வி வந்தது. அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேர். சீரியலாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் ஒதுக்கியிருப்பார்கள். கூடத்தில் எல்லோரும் நிற்பார்கள், மாடிப்படியில் மருமகள்கள், நடுவில் அம்மா. "சொல்லுங்கம்மா, நீங்க யார் கூட இருக்கப் போறீங்க?" ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று முறை க்ளோசப். வெள்ளிக்கிழமை தொடரும் போட்டிருப்பார்கள்.

எங்களுக்கு நடந்தது இதுதான். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மருத்துவமனை தங்கை வீட்டுக்குப் பக்கம். ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும் என்று சின்ன சூட்கேஸில் துணி வைத்து அனுப்பினோம். சொட்டு மருந்து இரண்டு விதம். ஒன்றை விட்டபின் ஐந்து நிமிடமாவது கழித்துத்தான் அடுத்ததை விட வேண்டும். அதில் ஒன்று ஸ்டீராய்டு, அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை என்று ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தங்கை ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு டிக். ராத்திரிக் கட்டங்களில் மட்டும் டிக் கோணலாக இருக்கும், அரைத் தூக்கத்தில் போட்டது. அந்தத் தாள் முடிவதற்குள் இன்னொரு கண்ணுக்குத் தேதி வந்துவிட்டது. அப்புறம் தங்கை மகளுக்குப் பரீட்சை, பாட்டி கூட இருந்தால் நல்லது என்றார்கள். அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். "எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டால் எங்கள் மூன்று பேருக்கும் சொல்ல ஒரு தேதி கிடையாது.

மார்ச் 4, கொஞ்ச நேரம் கழித்து

இடிச் சத்தம் விட்டுப்போனது என்று ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். எங்களுக்கு மிக்சிச் சத்தம்தான். அதிலும் முக்கியமான வார்த்தை வரும்போது சரியாக ஓடும்.

மார்ச் 6

சீரியலில் எல்லா முடிவும் ஏன் கூடத்தில் நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? விளக்கு அங்கேதான் இருக்கிறது.

இது பழைய கதை. 1951இல் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'ஐ லவ் லூசி' தொடங்கியபோது, ஸ்டுடியோவில் ரசிகர்களை உட்கார வைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்டிப் படம்பிடித்தார்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராயண்ட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை நகர்த்த முடியாது என்பதால், எங்கிருந்து எடுத்தாலும் சரியாக வரும்படி செட் முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் போட்டார். வீட்டுக்கு மூன்று சுவர்தான், நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ரசிகர்கள். சோபா அவர்களைப் பார்த்துத்தான் இருந்தாக வேண்டும். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் காலியாக இருக்கும், யாரும் கேமராவுக்கு முதுகு காட்டக் கூடாதே!

தினசரி சீரியலுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். வாரத்துக்கு ஐந்தாறு எபிசோட் கொடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து பேரின் கால்ஷீட் ஒன்றாகக் கிடைத்தால், அந்தக் கூடத்துக் காட்சிகளை எல்லாம் அன்றே எடுத்துத் தள்ளிவிடுவதுதான் லாபம். அதனால்தான் மருமகளின் மருத்துவ ரிப்போர்ட்டைச் சித்தப்பாவின் மகன் வரை நின்று கேட்கிறான்.

நம் வீட்டில் பத்து பேர் ஒரே நேரத்தில் ஒரே அறையில் நின்று ஒரே விஷயத்தைப் பற்றி, ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டு... எழுதும்போதே சிரிப்பு வருகிறது. எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஹெல்மெட்டுக்குள் பாதி கேட்காமல் நடந்திருக்கிறது. மனைவி வேலையை விடப் போகிறாள் என்பதை ஒரு சிக்னலில்தான் தெரிந்துகொண்டேன். பச்சை விழுந்துவிட்டது. "சரி" என்றேன். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று இன்று வரை எங்களுக்குள் வழக்கு நடக்கிறது.

மார்ச் 6, இரவு

"நாங்களும் கூடத்தில்தான் பேசுகிறோம்" என்று எழுதியவருக்கு: நம்புகிறேன். டிவியை அணைத்துவிட்டா?

மார்ச் 9

"கேமராவை நிஜக் குடும்பத்தில் வைத்தால் தெரிந்துவிடும்" என்கிறார் ஒருவர். வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1971இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் லவுட் என்ற குடும்பத்தோடு ஒரு படப்பிடிப்புக் குழு சுமார் ஏழு மாதம் இருந்தது. அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். ஏறக்குறைய 300 மணி நேரப் படச்சுருள். அதை மணி நேர எபிசோடாகப் பன்னிரண்டு வெட்டி 1973இல் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் ஒளிபரப்பியது. 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்று பெயர். மனைவி கணவரை வீட்டை விட்டுப் போகச் சொல்வது கேமரா முன்னாலேயே நடக்கிறது. அடித்துத் திறக்கும் கதவு இல்லை, அலறல் இல்லை. வக்கீலைப் பார்த்தாயிற்று என்கிறாள், அவர் பேச்சை வளர்க்காமல் போகிறார். ஊரே அந்தக் குடும்பத்தை மனசே இல்லாதவர்கள் என்று திட்டியது. குடும்பம் படம் எடுத்தவர்களைத் திட்டியது, வெட்டி ஒட்டித் தங்களைக் கெட்டவர்களாகக் காட்டிவிட்டதாக.

எனக்கு அதில் பிடிபட்டது அந்தக் கணக்குதான். 300இல் 12. மிச்சம் 288 மணி நேரத்தில் என்ன இருந்திருக்கும்? யாரோ ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருப்பார்கள். யாரோ செருப்பைத் தேடியிருப்பார்கள். நானும் நீங்களும் இருப்பது அந்த 288க்குள்.

கேமரா இருந்ததால்தான் அவர்கள் பிரிந்தார்கள் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கென்னவோ கேமரா இருந்ததால்தான் வாய்விட்டுச் சொன்னார்கள் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் இன்னும் சில வருஷம் செருப்புத் தேடிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

மார்ச் 10

இந்தக் கால ரியாலிட்டி ஷோக்கள் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அது குடும்பம் இல்லை, ஹாஸ்டல்.

மார்ச் 13

"என்ன இருந்தாலும் டிவியைப் பார்த்து யாரும் வாழ்க்கை முடிவை எடுப்பதில்லை" என்று ஒரு பதில். கை தட்டல் வேறு. இதை விட மாட்டேன்.

பிரேசிலில் குளோபோ தொலைக்காட்சியின் சிக்னல் எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரவில்லை. ஆகவே சிக்னல் வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது. லா ஃபெராரா, சோங், துர்யேயா என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அதைச் செய்து 2012இல் வெளியிட்டார்கள். சிக்னல் வந்த இடங்களில் பெண்கள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. 1965 முதல் 1999 வரை வந்த குளோபோ தொடர்களை எடுத்து எண்ணியிருக்கிறார்கள். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதம் பேருக்குப் பிள்ளையே இல்லை, 21 சதவீதம் பேருக்கு ஒன்றுதான். பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தொடர்களில் வந்த பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். "குறைவாகப் பெற்றுக்கொள்" என்று எந்தப் பாத்திரமும் மேடை போட்டுப் பேசவில்லை. நல்ல வீடு, அழகான உடை மாதிரி சின்னக் குடும்பமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தப் பாத்திரங்களுக்கு ஏன் பிள்ளை இல்லை? இது என் ஊகம்: கைக்குழந்தையை வைத்துப் படப்பிடிப்பு நடத்துவது பெரும்பாடு. அழும், தூங்கும், வளரும். கதையில் பிள்ளை இருந்தால் நாயகி ஓடிப்போகும்போது அதை எங்கே விடுவது என்று ஒருவர் எழுதியாக வேண்டும். இல்லாமல் இருப்பதே சௌகரியம். அந்த சௌகரியம் யார் யார் வீட்டுத் தொட்டில் வரை போயிருக்கிறது பாருங்கள்.

மார்ச் 13, மறுபடியும்

அப்படியானால் நல்லதைக் காட்டினால் ஜனங்கள் நல்லதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கிறீர்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. தூர்தர்ஷனில் 1984 ஜூலையில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் தொடங்கியதே அந்த எண்ணத்தில்தான். மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் செய்துகாட்டிய முறையைப் பார்த்து, குடும்பக் கட்டுப்பாடு, பெண்ணின் நிலை எல்லாவற்றையும் கதைக்குள் வைத்துச் சொல்வதாக ஏற்பாடு. ஆரம்பத்தில் உபதேசம் அதிகமாகி ஆட்கள் முகம் சுளித்ததால் அதைக் குறைத்தார்கள். எபிசோட் கடைசியில் நடிகர் அசோக் குமார் வந்து இன்றைய கதையில் என்ன பார்த்தோம் என்று பேசுவார். அதில் பாகவந்தி என்று ஒரு அம்மா. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தேய்ந்துபோகிறவள். இப்படி இருக்காதீர்கள் என்று காட்டுவதற்காக எழுதப்பட்ட பாத்திரம். பார்த்தவர்களில் கணிசமானவர்கள் அவளைத்தான் பின்பற்ற வேண்டிய அம்மாவாக எடுத்துக்கொண்டார்கள்.

எழுதினவர் என்ன செய்வார் பாவம்.

மார்ச் 14

டிவியை நம்பி எடுக்கும் முடிவுகளில் நான் நேரில் பார்த்த ஒன்று. சிரிப்பில்லை இது.

மாமா ஐசியுவில் இருந்தார். வயது, சிறுநீரகம், நுரையீரல் என்று எல்லாம் சேர்ந்துகொண்டது. இதயம் நின்றால் மார்பை அழுத்தி, ஷாக் கொடுத்து முயற்சி செய்யலாமா வேண்டாமா என்று வெளியே வந்து ஒரு டாக்டர் கேட்டார். எல்லோருக்கும் மனதில் ஓடியது ஒரே காட்சிதான்: திரையில் நேர்க்கோடு, டாக்டர் ஷாக் கொடுக்கிறார், உடம்பு தூக்கிப்போடுகிறது, கண் திறக்கிறது, "சாவித்திரி..." "எல்லாம் பண்ணுங்க டாக்டர்" என்றான் பெரிய மகன்.

முதல் விஷயம், நேர்க்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. ஷாக் என்பது தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்கு. இரண்டாவது, 1996இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில் மூன்று தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து எண்ணியிருந்தார்கள். திரையில் இந்த முதலுதவி பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் அந்த நேரத்துக்குப் பிழைக்கிறார்கள், 67 சதவீதம் பேர் வீடு திரும்புவதாகத் தெரிகிறது. நிஜத்தில் மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில்கூட வீடு திரும்புவது நாலில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்ற அளவில்தான். வயதும் வேறு நோயும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

அன்று சரியான கேள்வி கேட்டது அத்தை ஒருத்திதான். அவள் அந்த நேரத்துச் சீரியல்களை எல்லாம் விடாமல் பார்க்கிறவள். "பண்ணினா எழுந்து பேசுவாரா? இல்ல, இப்படியே கிடப்பாரா?" டாக்டர் அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமா மறுநாள் போனார், யாரும் மார்பை அழுத்தவில்லை. பெரிய மகனுக்கு இன்னும் அது உறுத்தல்தான் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

ஆகவே சீரியல் பார்க்கிறவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று சிலர் எழுதிய பதில்களை நான் ஏற்கவில்லை. பார்க்காத ஆண்கள்தான் அன்று அந்த வாசலில் திரைக்காட்சியில் சிக்கிக்கொண்டு நின்றோம்.

மார்ச் 17

கொஞ்சம் இலகுவாக. டிவி குடும்பம் செய்யவே செய்யாதவை என்று எல்லோரும் எழுதுவதால் என் பங்கு: "சரி, வச்சிடறேன்" சொல்லாமல் போனை வைக்கிறார்கள், அதுவும் அம்மாவிடம்! சார்ஜரைத் தேடுவதில்லை. யாரும் யாரையும் "என்ன சொன்னே?" என்று திரும்பக் கேட்பதில்லை. நகையோடு தூங்குகிறார்கள்.

கழிப்பறைக்குப் போவதில்லை என்று எழுதியவருக்கு ஒரு தகவல். 1957இல் 'லீவ் இட் டு பீவர்' என்ற அமெரிக்கக் குடும்பத் தொடரில் பையன்கள் முதலைக் குட்டி ஒன்றைக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்து வைக்கிற கதை. கழிப்பறையைக் காட்டக் கூடாது என்று எதிர்ப்பு. கடைசியில் மேலே உள்ள தொட்டியை மட்டும் காட்ட விட்டார்கள். முதலை பரவாயில்லையாம்.

மார்ச் 20

தங்கை இதையெல்லாம் படித்துவிட்டாள். யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. நேற்று போன்.

"யாரும் முடிவு பண்ணலன்னு எழுதியிருக்கீங்களே அண்ணா, நிஜமாவா?"

"ஏன், யார் பண்ணினது?"

"அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி வாங்கறதுக்கு முன்னாடியே நான் கட்டில் வாங்கிட்டேன். பாத்ரூம்ல கைப்பிடி வெச்சாச்சு. ஒரு வாரத்துக்கு வர்றவங்களுக்கு யாராவது கைப்பிடி வெப்பாங்களா?"

அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நானே அந்த பாத்ரூமில் இருந்து வந்திருக்கிறேன். எஃகு, இரண்டு பக்கமும் ஆறு ஸ்க்ரூ, டைல்ஸில் ஒன்று லேசாக விரிசல் விட்டிருக்கும். அது அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

"எங்களைக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டிருந்தா கூட்டம் போட்டிருப்பீங்க."

மார்ச் 21

"அப்படியானால் கதவுக்குப் பின்னால் திட்டம் போட்டது உங்கள் தங்கையா, வில்லி கிடைத்துவிட்டாள்" என்று நான்கு பேர் எழுதியாயிற்று. அவளுக்கும் அனுப்பிவிட்டேன், சந்தோஷப்பட்டாள்.

ஆனால் 4ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தால் வேறொன்று தெரிகிறது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது யார் என்று நானே எழுதியிருக்கிறேன். ராத்திரி எழுந்து சொட்டு விட்டது யார் என்றும் எழுதியிருக்கிறேன். சூட்கேஸ் அனுப்பியது மட்டும் "நாங்கள்". முடிவு என்பது பேச்சாக வந்தால்தான் எனக்குக் கண்ணில் படும் போலிருக்கிறது, கூடம், க்ளோசப் சகிதம். கட்டிலாக வந்தால் படவில்லை. இதற்கு எந்தச் சீரியலைக் குறை சொல்வது?

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "கட்டிலுக்கு என்ன ஆச்சாம், பாதி குடுத்துடலாமா?" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 22

கொடுக்கவில்லை. அவள் வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். இல்லை, இதில் தியாகம் எதுவும் இல்லை. "வாங்கிட்டா அப்புறம் அம்மாவை எங்க வெக்கணும்னு நீங்களும் பேச ஆரம்பிப்பீங்க" என்றாள்.

மார்ச் 26

முடிவெடுக்காத குடும்பத்தை உள்ளபடியே காட்டிய தொடர் எதுவும் இல்லையா என்று கேட்டவருக்கு: 1998இல் பிபிசியில் வந்த 'தி ராயல் ஃபேமிலி'. கரோலின் ஏஹெர்னும் க்ரெய்க் கேஷும் சேர்ந்து எழுதி நடித்தது. 'ராயல்' என்பது குடும்பப் பெயர், அரச குடும்பம் இல்லை. முக்கால்வாசி நேரம் ஒரே அறை. எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னணிச் சிரிப்பு கிடையாது. முதல் எபிசோடில் பெரிய விவகாரமே டெலிபோன் பில்தான்.

வீட்டில் போட்டுக் காட்டினேன். சப்டைட்டிலோடு கொஞ்ச நேரம் பார்த்தாள் மனைவி. அந்த அப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு பில்லை வரி வரியாகப் படித்து, யார் யாருக்குப் பேசினார்கள் என்று விசாரிக்கிறார். "இதுக்கு எதுக்கு டிவி" என்று எழுந்து போய்விட்டாள். நான் தனியாக இன்னும் இரண்டு எபிசோட் பார்த்தேன். பிடித்தவர்கள் சொல்லுங்கள், மூன்றாவது தொகுதி முதல் இரண்டு அளவுக்கு இருக்கிறதா?